ஆற்றை மறிக்கும் வேலி

ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நாடுகளில் மழை பொழிந்து, வெள்ளம் வந்து வடிந்து, சேறு காயத் தொடங்கியவுடன் மந்தைக்காரர்கள் செய்யும் முதற்காரியம் தங்கள் வேலியைச் சுற்றிப் பார்ப்பதுதான். ஓடையும் ஆறும் குறுக்கிடும் இடங்களிலெல்லாம் வேலி இருந்த சுவடே தெரியாமற் போயிருக்கும். தூண்கள் சாய்ந்தும், கம்பிகள் சுருண்டும், அவற்றின்மேல் கிளைகளும் புல்லும் சேறும் அப்பிக்கொண்டும் கிடக்கும். அதைக் கண்டவுடன் அனுபவசாலிகள் என்று மதிக்கப்படுவோர் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: வேலி பலவீனமாக இருந்தது, ஆகையால் போயிற்று, அடுத்த முறை இன்னும் கனத்த தூணும், இன்னும் ஆழமான குழியும், இன்னும் தடித்த கம்பியும் போட்டுக் கட்ட வேண்டும். இந்த அபிப்பிராயம் கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறதென்றால், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. அது அடியோடு பிழை என்பது என் கட்சி. ஆற்றின் குறுக்கே போடும் வேலிக்கு அந்தப் பலமே பெரும்பாலும் நாசகாரணமாகிறது என்பதையும், எந்த இடத்தில் எந்த வேளையில் விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே நிச்சயித்துக் கட்டிய வேலியே அங்கே பிரயோஜனப்படும் என்பதையும் காட்ட முயல்கிறேன்.

நம் வாசகர்களுக்கு இந்த வழக்கே சற்று அந்நியமாகத் தோன்றலாம். நம் ஊர்களில் ஆடுமாடுகளோடு மேய்ப்பவன் ஒருவன் கூடவே போகிறான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் மந்தையை மேட்டுக்கு ஓட்டுகிறான், இறங்கினால் மணலில் விடுகிறான். ஆஸ்திரேலியாவிலும் ஒரு காலத்தில் இடையர்கள்தாம் மந்தையைக் காத்தார்கள். 1851-ல் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தங்கம் அகப்பட்ட செய்தி பரவியதும் அவர்களில் பலர் கோலைப் போட்டுவிட்டுத் தங்க வயல்களுக்கு ஓடினார்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிலக்காரர்கள் கம்பி வேலியை நாடினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் வேலி இடையனின் உத்தியோகத்தைப் பிடித்துக்கொண்டது. 1874-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்து ஜோசப் கிளிடன் தம் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்த மாறுதல் இன்னும் துரிதமாயிற்று. ஆயிரக்கணக்கான ஏக்கர் விரிந்த ஓர் அடைப்பில், மனித முகத்தையே வாரக்கணக்கில் காணாத மாடுகளைக் காத்து நிற்கும் கூலி கேளாத இடையன் இந்தக் கம்பி. ஆனால் பழைய இடையனிடம் இருந்த ஒரு குணத்தை அதனுடன் சேர்த்து விலைக்கு வாங்க முடியவில்லை. எப்போது மறிக்க வேண்டும், எப்போது வழிவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சமவெளியில் இந்தக் குறை பெரிதாகப் புலப்படாது. வேலி ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது அதுவே முழுப் பிரச்சினையும் ஆகிவிடுகிறது.

அந்த நாட்டு ஆறுகளின் சுபாவம் அப்படிப்பட்டது. குயின்ஸ்லாந்தின் மேற்கே தாம்சன் ஆறும் பார்க்கூ ஆறும் கூடுகின்றன. கூடிய பின் அந்தப் பிரவாகத்துக்குப் பெயர் கூப்பர் ஓடை. இரண்டு ஆறுகள் சேர்ந்து ஓர் ஓடை ஆகும் அதிசயம் வேறெங்கும் கிடையாது என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆண்டின் பெரும்பகுதி அது தொடர்பற்ற மடுக்களின் வரிசையாகக் கிடக்கிறது. எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை, உள்ளூரில் ஒரு துளியும் விழாத வெயிற்காலத்தில் வந்து சேர்ந்து, பல பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்ந்திருக்கும் ஏர் ஏரியை நோக்கி மெல்ல நகர்கிறது. கிழக்கு மலைச் சரிவுகளின் ஓடைகளோ மாலையில் கணுக்காலளவாக இருந்து, விடிவதற்குள் ஆளுயரத்தை மீறிப் பாய்ந்து, மறுநாள் பழையபடி கூழாங்கல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் வற்றினால் ஆற்றுப் படுகையே மாடுகளுக்கு ராஜபாட்டை. கரையோரத்தில் எவ்வளவு நேர்த்தியாக வேலி போட்டிருந்தாலும் படுகை வழியே இறங்கி அடுத்தவன் நிலத்துக்குப் போய்விடும். ஆகவே வேலி படுகையைக் கடந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. வறண்ட நாளில் கன்றுகூட நுழையாதபடி தரையோடு பொருந்தியிருக்க வேண்டிய அதே வேலிதான் வெள்ள நாளில் பெருமரங்கள் உருண்டு வரும் பாதையில் நிற்கிறது.

இனி, பலத்தைப் பற்றிய சித்தாந்தத்தைக் கணக்கிலே வைத்துப் பார்ப்போம். 20 மீட்டர் அகலமுள்ள ஓர் ஓடையின் குறுக்கே, அந்நாட்டில் சாதாரணமாக வழங்கும் 2.5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியில் ஐந்து வரிசை இழுத்திருக்கிறோம் என்று கொள்வோம். நீரோட்டத்துக்கு எதிரே அந்தக் கம்பிகள் காட்டும் முகப்பு மொத்தமாகக் கால் சதுர மீட்டர்தான். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் அந்த முகப்பின்மேல் செலுத்தும் விசை ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமம். ஒரு நெல் மூட்டையைத் தாங்கக்கூடிய எந்த வேலியும் அதைத் தாங்கும். ஆனால் வெள்ளம் வெறுந்தண்ணீராக வருவதில்லை. யூக்கலிப்டஸ் மரங்கள் வறட்சி முழுவதும் உதிர்த்து வைத்த கிளையும் பட்டையும், காய்ந்த புல்லும், மேலே எவனுடைய வேலியிலிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்த தூண்களும் அதனுடன் வருகின்றன. முதற்கிளை கம்பியில் மாட்டுகிறது. அதன்மேல் புல் படிகிறது. அதன்மேல் சேறு பூசுகிறது. சிறிது நேரத்தில் 1.2 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் எழும்பிவிடும். அப்போது முகப்பு 24 சதுர மீட்டர், விசை சுமார் 5 டன். அதாவது நூறு மடங்கு. நீரின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் விதி. ஆகவே வேகம் விநாடிக்கு 3 மீட்டராக ஏறினாலே அந்த 5 டன் 11 டன்னாகிவிடும். தூணை ஒரு சாண் கூடுதலாகப் புதைப்பதும், கம்பியை ஒரு நூல் தடிப்பாக வாங்குவதும் இந்தப் பெருக்கத்துக்கு எதிரே என்ன செய்துவிடும்?

சரி, செலவைப் பாராமல், ரயில் தண்டவாளத்தை நட்டு, எஃகு வடம் இழுத்து, 11 டன்னையும் தாங்கும் வேலியைக் கட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது நாம் கட்டியது அணை. அணை கட்டுகிறவன் உபரிநீர் போகக் கலிங்கு வைப்பான், கரைக்குக் கல் பதிப்பான். வேலி கட்டியவன் இரண்டையும் செய்திருக்க மாட்டான். மறிக்கப்பட்ட நீர் மேற்புறத்தில் உயர்ந்து, மெலிந்த இடத்தைத் தேடி, வேலி கரையைத் தொடும் முனையில் மண்ணை அரித்துக்கொண்டு சுற்றிப் போகும். தூண் அசையாமல் நிற்க, அது ஊன்றியிருந்த கரை போய்விடும். மணற்படுகையானால் தூணின் அடியிலேயே பள்ளம் பறிக்கும். இதைவிடப் பெருங்கேடு ஒன்றுண்டு. உறுதியில் நம்பிக்கை வைத்தவர்கள் ஆற்றைக் கடக்கும் கம்பியையும் இருபுறத்து நெடுவேலியின் கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்து முறுக்குவதில் பெருமை கொள்கிறார்கள். வெள்ளம் நடுவில் பிடித்து இழுக்கும்போது அந்த ஒற்றைக் கம்பி அறாதவரை, கரைமேல் நனையாமல் நின்ற தூண்களும் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வரும். கம்பி எவ்வளவு உறுதியோ அவ்வளவு தூரம் நாசம் பரவும். மட்டமான கம்பி போட்ட சோம்பேறிக்கு ஓடையளவோடு நஷ்டம் நின்றது. உயர்ந்த கம்பி போட்ட உழைப்பாளிக்கு மேட்டு வேலியும் போயிற்று. இந்த அநியாயத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் உழைப்பாளியானவன் அடுத்த முறை இன்னும் உயர்ந்த கம்பியையே வாங்கப் போகிறான் என்பதுதான் வேடிக்கை.

“என் வேலி இருபது வருஷமாக நிற்கிறதே!” என்பார் ஒருவர். அவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய ஓடை எத்தன்மையது என்று முதலில் கேட்க வேண்டும். கூப்பர் ஓடையைப் போலத் தட்டையான பூமியில் பரந்து நகரும் வெள்ளத்துக்கு ஆழமும் காலமும் உண்டேயொழிய வேகம் குறைவு. அங்கே நின்ற வேலி மலையடிவாரத்து ஓடைக்குப் பிரமாணமாகாது. அன்றியும், நின்ற வேலியைக் காட்டிப் பேசுவதற்கு அதன் சொந்தக்காரர் இருக்கிறார். போன வேலியைக் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பிரதேசத்தின் அனுபவம் முழுவதையும் நின்றவற்றைக் கொண்டே திரட்டினால், உறுதிதான் காத்தது என்ற முடிவைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

இதைவிட வலிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வெள்ளத்துக்கு வழிவிடும் வேலி மாட்டுக்கும் வழிவிடுமே, பின் வேலி எதற்கு என்பது. இந்த வினா நேர்மையானது. ஆனால் கேட்பவர் இரண்டு காலங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார். ஆறு கரைபுரளும் வேளையில் அதைக் கடந்து அடுத்த நிலத்துக்குப் போகும் உத்தேசம் எந்த மாட்டுக்கும் இராது. அப்போது மறிப்பது தண்ணீர். வேலி அங்கே உபரி. வெள்ளம் வடிந்த பின்புதான் வேலிக்கு வேலை. அந்த நாளில் எந்த வேலி தன் இடத்தில் நிற்கும், அல்லது அரைநாள் உழைப்பில் நிமிரும் என்பதே கேள்வி. அடித்துக்கொண்டு போன உறுதியான வேலியை மறுபடி கட்டி முடிக்கிற மட்டும் அடைப்பு திறந்தே கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் வடமேற்குக் குயின்ஸ்லாந்தில், பல ஆண்டு வறட்சியால் எலும்பும் தோலுமாக இருந்த மாடுகளின்மேல் நாட்கணக்கில் குளிர்காற்றோடு மழை பெய்தது. பிளிண்டர்ஸ் ஆறும் அதன் கிளைகளும் நிலத்தையே கடலாக்கின. மாண்ட மாடுகள் ஏறக்குறைய 5 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். 2025 மார்ச் இறுதியில் மேற்குக் குயின்ஸ்லாந்திலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தன அல்லது காணாமற்போயின. இந்தச் சாவுகளை வேலியின் தலையில் கட்டுவது அதர்மம். குளிரும் சேறும் பட்டினியும் அவற்றுக்குக் காரணம். ஆயினும் இத்தகைய வேளையில் அந்நாட்டு மந்தைக்காரன் என்ன செய்கிறான் என்பது கவனிக்கத்தக்கது. வெள்ளம் வருகிறதென்று தெரிந்தவுடன் கதவுகளைத் திறந்துவைக்கிறான். திறக்க நேரமில்லாவிடில் வெட்டுக்குறடை எடுத்துக்கொண்டு போய்த் தன் வேலியைத் தானே அறுத்துவிடுகிறான், மாடுகள் மேட்டுக்குப் போய்ப் பிழைக்கட்டுமென்று. எந்த வேளைக்காக அவ்வளவு பலத்தையும் அதில் கொட்டினானோ அந்த வேளையில் அந்தப் பலம் அவனுக்கே வேண்டாததாகிவிடுகிறது. என் கட்சிக்கு இதைவிடச் சிறந்த சாட்சியை நான் தேடிப்போக வேண்டியதில்லை.

வழிவிடும் வேலி கற்பனைச் சரக்கல்ல; விவேகிகள் நெடுங்காலமாகக் கட்டி வருகிறார்கள். அவற்றுள் பழமையானது தொங்குகதவு. கரைக்கு அப்பால், வெள்ளம் எட்டாத மேட்டில் இரண்டு வலிய தூண்களை நட்டு, அவற்றினிடையே வெள்ள மட்டத்துக்கு மேலாக ஓர் எஃகு வடத்தை இழுத்து, அதிலிருந்து மரச்சட்டங்களையோ நெளிதகடுகளையோ மேற்புறம் மட்டும் கீல் வைத்துத் தொங்கவிடுவார்கள். தண்ணீர் ஏற ஏறத் தகடுகள் நீரோட்டத்தின் திசையில் தூக்கிக்கொண்டு கட்டைக்கும் குப்பைக்கும் வழிவிடும். இறங்க இறங்கத் தாமாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரே நீளமாகத் தொங்கவிடாமல் துண்டு துண்டாகத் தொங்கவிட்டால், பெருமரம் ஒன்று வந்து மோதினாலும் ஒரு துண்டோடு போகும். அடிவிளிம்பைப் படுகையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ள வேண்டும். மாடு முட்டித் தள்ளாத அளவுக்குக் கனமும், வெள்ளம் தூக்கக்கூடிய அளவுக்கு லேசும் வேண்டும். இந்தக் கனத்தை நிதானிப்பதில்தான் வேலிக்காரனின் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. கரைமரத்தையே தூணாக்கி வடத்தைச் சுற்றுகிறவர்கள் உண்டு. மரத்தின் பட்டை அறுந்து, பத்து வருஷத்தில் மரமும் போய் வடமும் போகும்.

மற்றொரு வகையில் கீல் அடியில் இருக்கும். மேல்விளிம்பை மட்டும் வேண்டுமென்றே மெல்லிய கம்பியால் கட்டிவைப்பார்கள். குப்பை சேர்ந்து பாரம் ஏறியவுடன், தூணுக்குச் சேதம் வருமுன் அந்த மெல்லிய கட்டு அறுந்து, சட்டம் முழுவதும் படுகையில் படுத்துக்கொள்ளும். வெள்ளம் அதன்மேல் ஏறிப் போகும். பிறகு ஆள் போய் நிமிர்த்திக் கட்ட வேண்டும். மணல் மூடிவிட்டால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்பது இதன் குறை; அதை மறைப்பதற்கில்லை. ஒரு முனையைக் கெட்டியாகவும் மறுமுனையை இளக்கமாகவும் கட்டி, வெள்ளத்தில் வேலி முழுவதும் ஒரு கரையோரமாக ஒதுங்கிக்கொள்ளும்படி செய்வதும் உண்டு. மின்வேலி வந்த பிறகு, குறுக்கே ஓடும் ஒரு மின்கம்பியிலிருந்து சங்கிலிகளைச் சரம்போல நெருக்கமாகத் தொங்கவிடுவது வழக்கமாயிற்று. அவற்றினிடையே கட்டையும் புல்லும் தாராளமாகப் புகுந்து போகும். சங்கிலிகள் நீரில் தோய்ந்தால் மின்சாரம் ஆற்றில் கசிந்து வேலி முழுவதும் செத்துப்போகாமலிருக்க, அந்தப் பகுதிக்கு மட்டும் கசிவை அளவோடு நிறுத்தும் கருவியைப் பொருத்துகிறார்கள். அதிர்ச்சிக்குப் பழகிய மாட்டுக்கு இது போதும். ரோமம் அடர்ந்த செம்மறிக்கு அவ்வளவாக உறைக்காது.

டிங்கோ என்னும் காட்டுநாயைத் தடுக்கும் பெருவேலியைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 5,600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வேலி தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டு நாட்டைக் காக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அதைப் பராமரிப்பதற்கென்றே 1946-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். மாட்டு வேலியில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் பாதகமில்லை. நாய் வேலியில் இருந்தால் வேலி இருந்தும் இல்லாததே. நெருங்கிய கம்பிவலைதான் போட வேண்டும். வலைதான் குப்பையை எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடிக்கும். ஆகையால் அங்கேயாவது உறுதி வேண்டாமா என்கிறார்கள். அந்த வேலியும் ஓடைகளைக் கடக்குமிடங்களில் வெள்ளந்தோறும் சேதப்பட்டு, வெள்ளந்தோறும் செப்பனிடப்பட்டே நிற்கிறது. அதை நிற்க வைப்பது வலையின் தடிப்பன்று. வேலியோரமாகச் சுற்றி வந்து பழுது பார்ப்பதற்கென்று நிரந்தரமாகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள். கண்ணுக்குத் தெரியாமற் போன இடையன் அங்கே வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறான்.

எதிர்க்கட்சிக்கு எதிர்க்கட்சியும் ஒன்று இருக்கிறது. ஆற்றைக் கடக்கவே கூடாது, இரு கரையிலும் நீளவாக்கில் வேலி போட்டு, ஆடுமாடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டும் என்பார்கள் அவர்கள். நியூசிலாந்து 2020-ல் கொண்டுவந்த விதிகள், ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளிலிருந்து குறிப்பிட்ட கால்நடைகளை விலக்கி நிறுத்தச் சொல்கின்றன. பொதுவாகக் கரையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நிறுத்த வேண்டும். ஆற்று நீரின் சுத்தத்துக்காக ஏற்பட்ட இந்த நோக்கத்தோடு எனக்கு விரோதம் இல்லை; கடக்காமலே காரியம் முடியுமானால் கடக்காமலிருப்பதே உத்தமம். ஆனால் நெருங்கிய பால்பண்ணைகளுக்குப் பொருந்துவதை, ஒரே அடைப்புக்குள் முப்பது ஓடைகள் ஓடும் பூமிக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது. இரு கரையிலும் போடுகிற வேலி இரட்டை நீளம்; அதுவும் வெள்ளம் பரவும் நிலத்திலேயே நிற்கிறது; கிளை ஓடை வந்து சேருமிடந்தோறும் அதற்கும் ஒரு குறுக்குத் தேவைப்படுகிறது. எல்லைத் தகராறைப் பொறுத்தவரை நியூ சவுத் வேல்ஸின் 1991-ஆம் வருஷத்து வேலிச் சட்டம் காட்டும் வழி நடைமுறைக்கு இணங்கியது: ஆறே எல்லையாக இருந்து, ஆற்றுக்குள் வேலி போட முடியாதபோது, அண்டை நிலக்காரர்கள் ஆற்றின் ஏதாவதொரு பக்கத்தில் வேலிக் கோட்டைத் தங்களுக்குள் இசைந்து வகுத்துக்கொள்ளலாம்.

ஆற்றில் மாடு மட்டுமா போகிறது? அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில், கரை யாருடையதாயிருந்தாலும் ஆற்றில் படகு விடும் உரிமையைப் பொதுமக்களுக்கு 1985-ஆம் வருஷத்துச் சட்டம் உறுதி செய்திருக்கிறது. பெருகி ஓடும் நீரில் கழுத்து மட்டத்துக்கு முறுக்கி இழுத்த கம்பி படகுக்காரனுக்கு யமன். தொங்கும் கதவையும் சங்கிலிச் சரத்தையும் அவன் தூரத்திலேயே காண்பான். உறுதிப் பக்தர்கள் இதை ஒரு வாதமாகவே எண்ணுவதில்லை.

தொங்குகதவுக்கும் படுக்கும் வேலிக்கும் வெள்ளத்துக்குப் பின் ஆள் போயாக வேண்டும்; மறுப்பேயில்லை. ஆனால் உறுதியான வேலியைக் கட்டியவனும் போகத்தான் போகிறான். முன்னவன் வெட்டுக்குறடும் ஒரு சுருள் மெல்லிய கம்பியும் கொண்டு போகிறான். பின்னவன் வண்டி நிறையத் தூண் ஏற்றிக்கொண்டு போகிறான்.

அந்நாடுகளில் நிலம் வைத்திருப்போரில் இதைப் படிப்பவர் யாரேனும் இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. படுகை காய்ந்து கிடக்கும் நாளில் உங்கள் குறுக்கு வேலியைப் போய்ப் பாருங்கள். ஆற்றைக் கடக்கும் கம்பி இருபுறத்து நெடுவேலியின் கம்பியோடு ஒன்றாக ஓடுமானால், இரு கரையின் மேட்டிலும் தனித்தனியே முனைத்தூண் நட்டு, அங்கே நெடுவேலியை முடித்துக் கட்டி, நடுத்துண்டை மட்டும் எளிதில் அறும் கட்டாகக் கட்டிவையுங்கள். இரண்டு தூணும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. அடுத்த மழைக்கு முன் செய்துவிடுங்கள்.